சிடி, டிவிடி டிரைவ் மெதுவாக இயங்குகிறதா? அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

வீட்டுக் கணினியில் உள்ள சிடி, டிவிடி டிரைவ் மந்தமாகிவிட்டது என்று தோன்றியவுடன் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: லென்ஸைத் துடைக்கப் பார்க்கிறார்கள், அல்லது புதிய டிரைவ் வாங்கிவிடுகிறார்கள். இவை இரண்டும் கடைசியாகச் செய்ய வேண்டியவை. தாமதம் தகட்டிலிருந்து வரலாம், டிரைவிலிருந்து வரலாம், அல்லது டிரைவிலிருந்து கணினியின் நினைவகத்துக்குத் தரவு செல்லும் பாதையிலிருந்தும் வரலாம். இம்மூன்றில் எது என்று பிரித்தறியாமல் கைவைத்தால், கீறல் விழுந்த ஒரு தகட்டுக்காக நல்ல டிரைவ் ஒன்று குப்பைக்குப் போகும். அதைவிடக் கவலைக்குரியது வேறொன்று: படிக்க நேரமெடுக்கும் தகடு சில வேளைகளில் அழிந்துகொண்டிருக்கும் தகடாக இருக்கும். அதில் குடும்பப் படங்களோ பழைய ஆவணங்களோ இருந்தால், டிரைவைச் சரிசெய்வது இரண்டாம் வேலை. தரவைக் காப்பாற்றுவதே முதல் வேலை.

## இது உண்மையிலேயே தாமதம்தானா?

டிரைவின் முகப்பில் அச்சிட்டிருக்கும் எண்ணை வைத்துக்கொண்டு வேகத்தை எதிர்பார்ப்பதால் பாதிக் குழப்பம் வருகிறது. சிடியில் 1எக்ஸ் என்பது நொடிக்கு 150 கிலோபைட். டிவிடியில் 1எக்ஸ் ஏறத்தாழ 1.385 மெகாபைட், அதாவது சிடியின் ஒன்பது மடங்கு. புளூரேயில் அது 4.5 மெகாபைட். இதன்படி 52எக்ஸ் சிடி டிரைவ் நொடிக்கு 7.8 மெகாபைட்டும், 16எக்ஸ் டிவிடி டிரைவ் சுமார் 22 மெகாபைட்டும் தர வேண்டும். ஆனால் இவை உச்ச வேகங்கள். வேகமான டிரைவுகள் தகட்டை ஒரே சுழற்சி வேகத்தில் சுற்றுகின்றன. அப்போது லென்ஸுக்குக் கீழே ஒரு சுற்றில் கடந்துபோகும் தடத்தின் நீளம் உள்வட்டத்தில் குறைவாகவும் வெளிவட்டத்தில் அதிகமாகவும் இருக்கும். தகடு உள்ளிருந்து வெளிநோக்கிப் படிக்கப்படுவதால், 52எக்ஸ் டிரைவ் தொடக்கத்தில் 22எக்ஸ் அளவில்தான் படிக்கும். விளிம்பை நெருங்கும்போதுதான் 52ஐத் தொடும். பாதி மட்டுமே நிரம்பிய சிடி அந்த எண்ணை ஒருபோதும் எட்டாது. இது பழுது அல்ல.

அளந்து பார்ப்பதற்கு, ஒரே பெரிய கோப்பு உள்ள தகடு ஒன்றை எடுத்து, அந்தக் கோப்பை ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முழுவதும் நிரம்பிய 4.7 ஜிகாபைட் டிவிடியை (விண்டோஸ் இதை 4.38 என்று காட்டும்) மேசைக் கணினியின் 16எக்ஸ் டிரைவ் ஐந்தாறு நிமிடங்களிலும், மடிக்கணினியில் உள்ள மெல்லிய 8எக்ஸ் டிரைவ் பத்து நிமிடங்களுக்குள்ளும் படித்து முடித்தால், உங்கள் டிரைவில் குறையில்லை. மடிக்கணினி டிரைவை மேசைக் கணினி டிரைவோடு ஒப்பிடுவது நியாயமும் இல்லை.

நேரம் இதைவிட வெகுவாகக் கூடினால், அடுத்ததாகத் தகடுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சிட்ட, கீறலில்லாத சிடி ஒன்று, அதேபோன்ற டிவிடி ஒன்று, உங்களுக்குத் தொல்லை தரும் தகடு ஒன்று ஆகிய மூன்றையும் வரிசையாகப் படிக்க விடுங்கள். முடிந்தால் தொல்லை தரும் தகட்டை வேறொரு கணினியிலும் போட்டுப் பாருங்கள். தாமதம் தகட்டோடு போகிறதா, டிரைவோடு நிற்கிறதா என்பது இந்தச் சோதனையிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு கீழே உங்கள் அறிகுறிக்குரிய பகுதிக்குச் செல்லலாம்.

## எல்லாத் தகடுகளும் தாமதம். படிக்கும்போது கணினியே திணறுகிறது

தகடு படிக்கும் நேரத்தில் மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்கிறது, பாட்டு இடையிடையே அறுபடுகிறது, டாஸ்க் மேனேஜரில் பிராசஸரின் சுமை ஏறிக்கொண்டே போகிறது என்றால், பழுது டிரைவில் இல்லை. தரவுப் பாதையில் இருக்கிறது. அகலமான ஐடிஇ கேபிளில் டிரைவ் இணைந்திருக்கும் பழைய கணினிகளில், குறிப்பாக விண்டோஸ் எக்ஸ்பியில், மிகப் பரவலாகக் காணப்படும் பழுது இதுதான். எளிதில் தீரக்கூடியதும் இதுதான்.

டிஎம்ஏ முறையில் டிரைவின் தரவு பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நேரே நினைவகத்துக்குச் செல்கிறது. பிஐஓ முறையிலோ ஒவ்வொரு துண்டுத் தரவையும் பிராசஸரே கைப்பட எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி, ஒரு டிரைவிலிருந்து நேரம் கடந்த பதில்களோ பிழையான தரவோ மொத்தம் ஆறு முறை வந்துவிட்டால், பாதை பழுது என்று கருதி டிஎம்ஏ வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, பிழைகள் தொடர்ந்தால் இறுதியில் பிஐஓவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கீறல் விழுந்த தகட்டோடு டிரைவ் போராடிக்கொண்டிருந்தபோது ஏற்பட்ட தாமதங்களும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. ஆகவே, என்றோ போட்ட ஒரு மோசமான தகடு, அதை எடுத்துவிட்ட பின்னும் எல்லாத் தகடுகளுக்கும் தாமதத்தை விட்டுச்செல்லக்கூடும். கணினியை அணைத்து இயக்கினாலும் இது தானாக நீங்குவதில்லை.

சரிபார்க்க, டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஐடிஇ ஏடிஏ/ஏடிஏபிஐ கன்ட்ரோலர்ஸ் என்ற பிரிவை விரித்து, டிரைவ் இணைந்திருக்கும் சேனலின் பண்புகளுக்குள் செல்லுங்கள். அது பெரும்பாலும் செகண்டரி ஐடிஇ சேனலாக இருக்கும். அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பக்கத்தில் கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோடு என்ற வரியைப் பாருங்கள். அங்கே அல்ட்ரா டிஎம்ஏ மோடு 2 என்றோ அதற்கு மேற்பட்ட எண்ணோ இருந்தால் பாதை சரி. பிஐஓ மோடு என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. மேலே உள்ள தேர்வில் பிஐஓ ஒன்லி என்று இருந்தால் அதை டிஎம்ஏ இஃப் அவைலபிள் என்று மாற்றுங்கள். ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது, ஆனாலும் நடப்பு நிலை பிஐஓவாகவே நிற்கிறது என்றால், அந்தச் சேனலையே வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்துக் கணினியை மறுபடி தொடங்குங்கள். விண்டோஸ் சேனலைப் புதிதாகக் கண்டறிந்து, பிழைக் கணக்கையும் புதிதாகத் தொடங்கும். இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. தகட்டிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ உள்ள எதுவும் அழியாது. விண்டோஸ் 7இலும் ஐடிஇ முறையில் இயங்கும் கணினிகளில் இதே இடத்தில் டிஎம்ஏவை இயக்கும் தேர்வுப் பெட்டி இருக்கும். லினக்ஸ் பயன்படுத்துவோர், கணினி தொடங்கும்போது கர்னல் எழுதும் பதிவில், டிரைவ் எந்த முறையில் அமைக்கப்பட்டது என்பதைக் காணலாம். யூடிஎம்ஏ/33 என்றிருந்தால் நல்லது.

சரிசெய்த சில நாட்களில் மறுபடியும் பிஐஓவுக்கு இறங்கினால், உண்மையிலேயே பாதை பழுதாகியிருக்கிறது என்று பொருள். முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். பழைய 40 கம்பிக் கேபிள் நொடிக்கு 33 மெகாபைட் வரைதான் நம்பகமானது. அதற்கு மேல் 80 கம்பிக் கேபிள் வேண்டும். கம்பிகள் மெல்லியவையாக நெருக்கமாக ஓடுவதைப் பார்த்தே இதை அடையாளம் காணலாம். 80 கம்பிக் கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு (கேபிளின் முதல் சாதனம்), நடுவில் உள்ள சாம்பல் நிற முனை ஸ்லேவுக்கு (இரண்டாம் சாதனம்). முனைகளை இடம் மாற்றிச் செருகியிருப்பதும், பெட்டியின் மூடி அழுத்திக் கேபிள் மடிந்திருப்பதும் அடிக்கடி காணப்படும் தவறுகள். டிரைவும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே கேபிளில் இருந்தால், ஒரு நேரத்தில் ஒன்றுதான் தரவை அனுப்ப முடியும். தகட்டிலிருந்து அதே ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுக்கும்போது இது நன்றாகவே உறைக்கும். வசதியிருந்தால் இரண்டையும் தனித்தனிக் கேபிளில் பொருத்துங்கள்.

ஐடிஇக்குப் பின் வந்த, ஒடுக்கமான கேபிளில் இணையும் சாட்டா டிரைவுகளில் இந்தப் பிரச்சினை அரிது. அங்கே கேபிளை மாற்றிப் பார்ப்பது, மதர்போர்டில் வேறு முனையில் செருகிப் பார்ப்பது ஆகிய இரண்டோடு பாதைச் சோதனை முடிந்துவிடும்.

## ஒரு தகடு மட்டும் தாமதம். டிரைவின் ஓசை ஏறி இறங்குகிறது

டிரைவின் அருகே காதை வைத்துக் கேளுங்கள். நல்ல தகடு உள்ளே போனதும் ஓசை சீராக ஏறி, ஒரு நிலையில் நின்று, மாறாமல் ஓடும். குறையுள்ள தகட்டில் ஓசை ஏறி, சட்டென இறங்கி, லென்ஸ் முன்னும் பின்னும் நகரும் டிக் டிக் ஒலி கேட்டு, மறுபடி ஏற முயன்று, மீண்டும் தணியும். டிரைவ் அங்கே செய்வது சரியான வேலைதான். ஒரு பகுதி படிபடவில்லை என்றால் அதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறது. அப்படியும் முடியாவிட்டால் சுழற்சியைக் குறைத்துக்கொண்டு நிதானமாக முயல்கிறது. மங்கிய கையெழுத்தைப் படிப்பவர் எழுத்துக் கூட்டி நிறுத்தி நிறுத்திப் படிப்பதைப் போன்றது அது. பல டிரைவுகள் இப்படிக் குறைத்த வேகத்தைத் தகடு வெளியே வரும்வரை மீண்டும் கூட்டுவதில்லை. எனவே ஒரே ஓர் இடத்தில் சிக்கிய தகடு, அதன்பின் உள்ள நல்ல பகுதிகளிலும் மெதுவாகவே ஓடினால், அதை வெளியே எடுத்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து, சிடிரோம் என்ற மூலத்திலிருந்து 7 என்ற எண்ணுடன், பேட் பிளாக் என்று குறிப்பிடும் பதிவுகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் சந்தேகம் தகட்டின் பக்கம் உறுதிப்படுகிறது. நீரோ டிஸ்க்ஸ்பீடு போன்ற கருவிகள் படிக்கும் வேகத்தை வரைபடமாகக் காட்டும். நல்ல தகட்டின் கோடு இடமிருந்து வலமாகச் சீராக ஏறும். இரண்டு முறை ஓட்டியும் ஒரே இடத்தில் பள்ளம் விழுந்தால் அது தகட்டின் குறை. எல்லாத் தகடுகளிலும், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் பள்ளம் விழுந்தால் டிரைவின் குறை. இந்த ஒரு வரைபடத்தை ஊகங்கள் அனைத்துக்கும் மேலாக நான் நம்புவேன்.

இனி தகட்டைக் கையில் எடுங்கள். விரல் ரேகை, தூசி, எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவற்றால் வரும் தாமதம் துடைத்தாலே போய்விடும். நூல் உதிராத மென்துணியால், நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தரவு சுருள் தடமாக ஓடுவதால், குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே பாதிக்கும். தடத்தின் போக்கிலேயே விழும் கீறல் தொடர்ச்சியாக ஒரு நீண்ட பகுதியை அழிக்கும். சிடியின் பிழைதிருத்தும் ஏற்பாடு தடத்தில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்கு விழுந்த இடைவெளியை முழுமையாக ஈடுசெய்துவிடும். அதற்கு மேல் போனால் அதனால் தாங்க இயலாது. பிசுக்குப் போகாவிட்டால் ஒரு துளி மென்மையான பாத்திரச் சோப்பு கலந்த நீரையோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையோ பயன்படுத்தலாம். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் கூடாது; அவை பாலிகார்பனேட்டைக் கரைத்து நிரந்தரமாக மங்கச் செய்துவிடும்.

அடுத்து, சிடியின் அச்சிட்ட பக்கத்தைப் பாருங்கள். சிடியில் தரவு அடுக்கு, கீழே தெரியும் பளபளப்பான பக்கத்தில் இல்லை; 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட்டைக் கடந்து, மேற்பக்கத்தின் மெல்லிய அரக்குப் பூச்சுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. மேலே பேனா முனை கீறினாலும் போதும், தரவு போய்விடும். தகட்டை ஒரு விளக்குக்கு நேரே உயர்த்திப் பிடியுங்கள். வெள்ளிப் பூச்சு முழுமையாக இருந்தால் அச்சில்லாத இடங்களில் ஒளி சீராகத் தெரியும்; பூச்சு உதிர்ந்த இடங்களில் ஊசி குத்தியது போன்ற பிரகாசமான புள்ளிகள் தெரியும். அப்புள்ளிகள் உள்ள தகட்டை எந்த மெருகேற்றலும் மீட்காது. டிவிடியில் தரவு இரண்டு 0.6 மில்லிமீட்டர் அடுக்குகளுக்கு நடுவே இருப்பதால் மேற்பக்கக் கீறலை அது தாங்கும். புளூரேயில் படிக்கும் பக்கத்தில் தரவை மூடியிருக்கும் அடுக்கு வெறும் 0.1 மில்லிமீட்டர்; அதைத் தேய்த்து மெருகேற்ற முயலவே கூடாது.

வீட்டில் எழுதிய தகடுகள் தனி வகை. அவற்றில் தரவைத் தாங்குவது கரிமச் சாயம். வெயில் படும் இடத்தில் வைத்தால் அது நிறம் மாறித் தெளிவிழக்கும். முன்பு ஐந்து நிமிடத்தில் படித்த தகடு அரைமணி நேரம் எடுக்கிறது என்றால் அது ஓர் எச்சரிக்கை. அதை இன்னும் சில முறை வேகமாகப் படித்துச் சோதிக்கலாம் என்று எண்ணாமல், அன்றே நகலெடுத்துவிடுங்கள். விண்டோஸின் சாதாரண நகலெடுப்பு முதல் பிழையிலேயே நின்றுவிடும் என்பதால், டிடிரெஸ்க்யூ போன்ற மீட்புக் கருவியே இதற்கு ஏற்றது. அது நன்றாகப் படிபடும் பகுதிகளை முதலில் எடுத்து முடித்து, சிக்கலான இடங்களுக்குப் பிறகு திரும்பி வருகிறது. எங்கே விட்டது என்பதைத் தனிக் கோப்பில் குறித்தும் வைக்கிறது. இதனால் ஒரு டிரைவில் கிடைக்காத பகுதியை வேறொரு டிரைவில் போட்டுத் தொடர முடியும். லென்ஸின் திறனும் பிழைதிருத்தமும் டிரைவுக்கு டிரைவ் மாறுவதால், இரண்டு சாதாரண டிரைவுகள் சேர்ந்து ஒரு தகட்டை முழுமையாக மீட்டுவிடுவது அரிதல்ல.

மறுபடி எழுதக்கூடிய சிடிஆர்டபிள்யூ தகடுகள் மெதுவாகப் படிப்பது இயல்பு. அச்சிட்ட தகட்டின் ஒளித் திருப்பத்தில் ஏறத்தாழ கால் பங்குதான் அவற்றிடமிருந்து கிடைக்கிறது. பல டிரைவுகள் அவற்றுக்கென்றே குறைந்த வேகத்தை வைத்திருக்கின்றன.

## சிடி நன்றாகப் படிக்கிறது, டிவிடி மட்டும் தாமதம்

அல்லது இதற்கு நேர்மாறாக. இரு வகையிலும் அச்சிட்ட நல்ல தகடுகளைப் போட்ட பின்னும் இவ்வாறே இருந்தால், கேபிளையும் அமைப்புகளையும் நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், புளூரேக்கு 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர் என வெவ்வேறு கதிர்கள் பயன்படுகின்றன. அவற்றில் ஒன்று வலுவிழந்தால் அந்த வகைத் தகடுகள் மட்டும் தடுமாறும். மற்றவை முன்போலவே ஓடும். லேசர் தேய்ந்த டிரைவை வீட்டில் சரிசெய்ய முடியாது. லேசரின் மின்னோட்டத்தைத் திருகிக் கூட்டும் சிறு திருகைப் பற்றிச் சிலர் சொல்வதுண்டு. அது சில வாரம் ஓடவைத்து, பிறகு டயோடையே எரித்துவிடும் வேலை. செய்யாதீர்கள்.

## யூஎஸ்பியில் இணைக்கும் டிரைவ் தாமதம்

முதல் காரணம் முனை. யூஎஸ்பி 1.1 நொடிக்கு 12 மெகாபிட்தான் கடத்தும். நடைமுறையில் அது ஒரு மெகாபைட் அளவு, அதாவது டிவிடியின் 1எக்ஸுக்கும் குறைவு. பழைய கணினியின் முன்பக்க முனையிலோ பழைய ஹப்பிலோ செருகியிருந்தால் திரைப்படம்கூட விட்டுவிட்டு ஓடும். கணினியின் பின்புறம் மதர்போர்டிலேயே உள்ள யூஎஸ்பி 2.0 அல்லது 3.0 முனைக்கு மாற்றுங்கள். சாதனத்தால் இன்னும் வேகமாக இயங்க முடியும் என்ற அறிவிப்பைச் சில விண்டோஸ் பதிப்புகள் திரையின் மூலையில் காட்டும். அதை மூடிவிடாமல் படியுங்கள்.

இரண்டாவது காரணம் மின்சாரம். யூஎஸ்பி 2.0 முனை தருவது 500 மில்லி ஆம்பியர். தகடு சுழலத் தொடங்கும் கணத்தில் மெல்லிய டிரைவுகள் இதைவிட அதிகம் கேட்கும். மின்சாரம் போதாவிட்டால் டிரைவ் சுழல முயன்று, தளர்ந்து, மறுபடி முயலும்; பார்ப்பவருக்கு அது மெதுவாகப் படிப்பதைப் போலத் தோன்றும். இரண்டு முனைகளில் செருகும் ஒய் கேபிள், தனி மின்சாரம் உள்ள ஹப், அல்லது 900 மில்லி ஆம்பியர் தரும் யூஎஸ்பி 3.0 முனை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இதைத் தீர்க்கும். நீளமான நீட்டிப்புக் கேபிளைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துப் பார்ப்பதே முதல் சோதனையாக இருக்கட்டும்.

## பெரிய கோப்பு வேகமாக வருகிறது, சிறு கோப்புகள் மட்டும் இழுக்கின்றன

இதைப் பழுது என்று எண்ணி டிரைவை மாற்றியவர்கள் உண்டு. புதிய டிரைவும் அப்படியேதான் இருக்கும். ஒளித்தகட்டின் லென்ஸ் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்ந்து தடத்தைப் பிடிக்க 100 மில்லிநொடிக்கு மேல் ஆகும். ஹார்ட் டிஸ்க்கில் அது பத்து மில்லிநொடி அளவு. ஒரு தகட்டில் 5000 சிறு கோப்புகள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் லென்ஸ் ஒருமுறை நகர நேர்ந்தால், தரவைப் படிக்கும் நேரத்தைச் சேர்க்காமலேயே எட்டு நிமிடங்களுக்கு மேல் நகர்வதிலேயே கழிந்துவிடும்.

இங்கே உதவுவது, கோப்புகளைத் தனித்தனியாக எடுக்காமல் முழுத் தகட்டையும் ஓர் ஐஎஸ்ஓ பிம்பமாக, அதாவது தகட்டின் முழு நகலான ஒற்றைக் கோப்பாக எடுப்பது. அப்போது லென்ஸ் அங்குமிங்கும் தாவாமல் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஓட்டமாகப் படிக்கும். பிறகு அந்தப் பிம்பத்தை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து திறந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 8 முதல் ஐஎஸ்ஓ கோப்பை இருமுறை கிளிக் செய்தாலே அது ஒரு டிரைவாகத் திறக்கும். அடிக்கடி பயன்படுத்தும் அகராதி, கலைக்களஞ்சியம், குழந்தைகளின் பாடத் தகடு ஆகியவற்றுக்கு இதையே நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொள்வது நல்லது. தகடும் தேயாது, டிரைவும் ஓயும்.

## தகட்டைப் போட்டதும் எக்ஸ்ப்ளோரர் உறைந்து நிற்கிறது

சற்று நேரம் பயன்படுத்தாவிட்டால் டிரைவ் சுழற்சியை நிறுத்திவிடும்; மறுபடி கேட்கும்போது சுழன்று நிலைபெறச் சில நொடிகள் ஆகும். அதுவரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் உறைவு அரை நிமிடத்துக்கு மேல் நீடித்தால், தகடு உள்ளே போனவுடன் அதை நாடும் மென்பொருள்களைப் பாருங்கள். ஆட்டோபிளே தகடு முழுவதையும் புரட்டி எந்த வகைக் கோப்புகள் உள்ளன என்று பார்க்கிறது. ஆன்டிவைரஸ், தகட்டில் உள்ள பெரிய சுருக்கக் கோப்புகளை விரித்து ஆராய்கிறது. எக்ஸ்ப்ளோரர் ஒவ்வொரு படத்துக்கும் சிறு முன்தோற்றம் தயாரிக்கிறது. இவை ஒரே நேரத்தில் நடந்தால் லென்ஸ் மூன்று இடங்களுக்கும் மாறி மாறி ஓட வேண்டியிருக்கிறது. ஆட்டோபிளேயை நிறுத்தி, கோப்புகளைப் பட்டியலாகக் காட்டும் தோற்றத்துக்கு மாறினாலே பெரும் மாற்றம் தெரியும். ஆன்டிவைரஸை நிறுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அறிமுகமில்லாத தகட்டை அது சோதிப்பது அவசியம்.

## அதிர்வும் இரைச்சலும் சேர்ந்த தாமதம்

52எக்ஸ் வேகத்தில் தகடு நிமிடத்துக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் சுழல்கிறது. கையால் ஒட்டிய காகித லேபிள் சற்று ஒருபக்கம் சாய்ந்திருந்தாலும் அந்த வேகத்தில் தகடு ஆடும். டிரைவ் அதை உணர்ந்து வேகத்தைக் குறைக்கும். ஒட்டிய லேபிளைப் பிய்க்க முயலாதீர்கள், தரவு அடுக்கும் கூடவே வந்துவிடும். அந்தத் தகட்டைக் குறைந்த வேகத்தில் படித்து வேறு தகட்டுக்கு மாற்றிவிடுங்கள். நடுத்துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் தெரிந்தால் அதை வேகமான டிரைவில் போடவே வேண்டாம்; உயர்வேகச் சுழற்சியில் விரிசல் விட்ட தகடு டிரைவுக்குள்ளேயே சிதறக்கூடும்.

திரைப்பட டிவிடி மட்டும் மெதுவாக, அமைதியாகப் படிபடுவது வேறு விஷயம். படம் பார்க்கும்போது இரைச்சல் வராமலிருக்க, பல டிரைவுகள் அவ்வகைத் தகடுகளுக்கு வேக வரம்பைத் தம் ஃபர்ம்வேரிலேயே (டிரைவுக்குள் பதிந்திருக்கும் இயக்க மென்பொருள்) வைத்திருக்கின்றன.

## எழுதும்போது மட்டும் தாமதம்

எழுதும் வேகத்தை டிரைவ் தனியாகத் தீர்மானிப்பதில்லை. வெற்றுத் தகட்டில் பதிந்திருக்கும் தயாரிப்புக் குறியீட்டைப் படித்து, அதற்குரிய எழுதும் முறையைத் தன் ஃபர்ம்வேரில் தேடுகிறது. குறியீடு அதற்குத் தெரியாததாக இருந்தால், 16எக்ஸ் என்று அச்சிட்ட தகட்டிலும் 4எக்ஸில்தான் எழுதும். வேறு தயாரிப்புத் தகடு ஒன்றை எழுதிப் பாருங்கள். வேகம் வந்துவிட்டால், டிரைவ் தயாரிப்பாளர் புதிய ஃபர்ம்வேர் வெளியிட்டிருக்கிறாரா என்று தேடலாம். ஃபர்ம்வேர் மாற்றும்போது மின்சாரம் தடைபட்டால் டிரைவ் பயனற்றுப் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

எழுதும் வேகம் அடிக்கடி நின்று நின்று தொடர்ந்தால், டிரைவுக்குத் தரவு போதிய வேகத்தில் வந்து சேரவில்லை என்று பொருள். நெட்வொர்க்கில் உள்ள கோப்புகளையோ யூஎஸ்பி டிரைவில் உள்ளவற்றையோ நேரடியாக எழுதாமல், முதலில் ஹார்ட் டிஸ்க்குக்குக் கொண்டுவந்து எழுதுங்கள். எழுதி முடித்ததும் சரிபார்க்கும் தேர்வு இயக்கத்தில் இருந்தால் மொத்த நேரம் ஏறத்தாழ இருமடங்காகும். அந்த நேரத்தை மிச்சப்படுத்த வேண்டாம். எழுதிய தகடு படிபடுகிறதா என்று அன்றே தெரிந்துகொள்வது, ஐந்து ஆண்டு கழித்துத் தெரிந்துகொள்வதைவிட மேல்.

## இவை எதிலும் அடங்காவிட்டால்

பாதை சரி, தகடுகள் சரி, ஆனாலும் எல்லா வகைத் தகடுகளும் வெவ்வேறு இடங்களில் தடுமாறுகின்றன என்ற நிலையில்தான் லென்ஸைத் தொட வேண்டும். மடிக்கணினியின் இழுப்பு டிரைவில் லென்ஸ் தட்டோடு வெளியே வந்துவிடும். மேசைக் கணினி டிரைவில் மேல்மூடியைக் கழற்ற வேண்டும். கணினியை அணைத்து மின்கம்பியைப் பிடுங்கிய பின்னரே இதைச் செய்யுங்கள். மூடிய டிரைவ் பாதுகாப்பானது. திறந்து மின்சாரம் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் விழித்திரையைப் பாதிக்கக்கூடும். முதலில் ரப்பர்க் குமிழ் ஊதியால் தூசியை ஊதுங்கள். போகாவிட்டால், பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்து, பிழிந்து, லென்ஸின் மேல் எடையே வைக்காமல் ஒருமுறை வருடி எடுங்கள். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. அழுத்தினால் அவை வளைந்து, இருந்த வேகமும் போய்விடும். வாயால் ஊதினால் எச்சில் துளி படியும். தூரிகை பொருத்திய துப்புரவுத் தகடுகள் உயர்வேக டிரைவில் லென்ஸை அடித்துவிடக்கூடும் என்பதால் எனக்கு அவற்றில் நம்பிக்கையில்லை.

இதற்கும் சரியாகாவிட்டால் டிரைவை மாற்ற வேண்டியதுதான். மாற்றியபின், புதிய டிரைவில் படிக்க மறுக்கும் பழைய தகடுகளை ஒதுக்கிவிடாதீர்கள். அவற்றை எழுதியது அந்தப் பழைய டிரைவாக இருந்தால், சற்றே விலகிய தடத்தையும் அது அடையாளம் கண்டு படிக்கும் வாய்ப்பு உண்டு. ஆகவே வீட்டில் உள்ள தகடுகள் அனைத்தையும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி முடிக்கும் வரை, மெதுவாக ஓடினாலும் பழைய டிரைவை எடுத்து வைத்திருங்கள்.